ஊருக்கு அவசரகாலப் பயிற்சி: கிராண்ட் தேடுறதுல ஆரம்பிச்சு ஆறாவது மாசம் வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஒருத்தருக்கு திடீர்னு இதயம் நின்னு போச்சுன்னா, யாரும் நெஞ்சை அமுக்காம சும்மா நிக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அவர் பிழைக்கிற வாய்ப்பு 7லருந்து 10 சதவீதம் குறைஞ்சுகிட்டே போகும். பெரிய ரத்தக்குழாய் அறுந்தா அஞ்சு நிமிஷத்துக்குள்ளயே உயிர் போயிடலாம். இப்ப உங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்ளோ நேரம் ஆகும்னு மனசுல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, அதுவும் ராத்திரி, மழை, ரோடு வேற சரியில்லன்னு வச்சுக்கோங்க. அந்த நேரம் பூரா அங்க இருக்கப் போறது டாக்டர் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அதனால இந்த விஷயத்துல நான் ஒரே கட்சி. கிராண்ட் காசு, அதாவது திருப்பிக் குடுக்க வேண்டாத நிதியுதவி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோட கைப்பழக்கமா மாறணும், ஆறு மாசம் கழிச்சும் அந்தக் கை மறக்கக் கூடாது. இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா நான் போய் உக்காந்த ஒரு பயிற்சி அப்படி: பெரிய பேனர், வரவேற்புரை, வாழ்த்துரை, நடுவுல ரெண்டு மணி நேரம் ஸ்லைடு, நெஞ்சை அமுக்கிப் பழக அறுபது பேருக்கு ஒரே ஒரு பொம்மை, கடைசியில எல்லாருக்கும் சர்டிபிகேட், ஒரு குரூப் போட்டோ. நாலு மாசம் கழிச்சு அதே ஆளுங்ககிட்ட நெஞ்சுல எங்க கை வைப்பீங்கன்னு கேட்டா ஒருத்தர் வயித்தைத் தொட்டுக் காட்டுறார். ரிப்போர்ட்ல மட்டும் "60 பேர் பயிற்சி பெற்றனர்".

சரி, எப்படி பண்றதுன்னு வரிசையா பார்ப்போம்.

ஸ்டெப் 1: காசு தேடுறதுக்கு முன்னாடி ஊரைச் சுத்துங்க

நிறைய பேர் இங்கதான் தலைகீழா ஆரம்பிக்கிறாங்க, கிராண்ட் அறிவிப்பு வந்திருக்கு, அதுல வெள்ளம்னு போட்டிருக்கு, சரி நம்மளும் வெள்ளத்துக்கு எழுதுவோம்னு. உங்க ஊர்ல ஆளுங்க உண்மையா எதுல சாகுறாங்க, எதுல கை கால் இழக்குறாங்கன்னு முதல்ல தெரியணும். செஞ்சிலுவை சங்கங்கள் இதுக்கு ஒரு முறையே வச்சிருக்காங்க, ஊர்க்காரங்களை உக்கார வச்சு தரையில சாக்பீஸால ஊர் வரைபடம் போடச் சொல்வாங்க, தண்ணி எது வரைக்கும் வந்துச்சு, எந்தப் பாலம் முதல்ல மூழ்கும், எந்தத் தெருவுக்கு வண்டி போகாது, எல்லாத்தையும் அவங்களே குறிப்பாங்க. வயசானவங்க கண்டிப்பா அந்தக் கூட்டத்துல இருக்கணும். இந்தோனேசியாவுல சிமெலுவேன்னு ஒரு தீவு, அங்க 1907-ல ஒரு சுனாமி வந்து நிறைய பேர் போனாங்க, அதுக்கப்புறம் "நிலம் பலமா ஆடுச்சுன்னா, கடல் உள்வாங்குச்சுன்னா, யோசிக்காம மேட்டுக்கு ஓடு"ங்கிறதை "ஸ்மோங்"னு ஒரே வார்த்தையில தாத்தா பாட்டிங்க கதையாவும் தாலாட்டாவும் சொல்லிகிட்டே வந்தாங்க. 2004 சுனாமி முதல்ல தொட்ட இடங்கள்ல ஒண்ணு அந்தத் தீவு, 78,000 பேர்ல செத்தது 7 பேர்னு பதிவாகியிருக்கு. சைரன் இல்ல, எஸ்எம்எஸ் இல்ல. உங்க ஊர்லயும் இப்படி ஏதாவது பழைய ஞாபகம் இருந்தா அதைப் பாடத்துக்குள்ள கொண்டு வாங்க, வெளிய இருந்து வர்ற டிரெய்னருக்கு அது தெரியாது.

பேரிடர்னா புயலும் பூகம்பமும் மட்டும்னு நினைச்சுடாதீங்க. கிணத்துல விஷவாயு, டிராக்டர் கவுந்தது, பாம்புக்கடி, அறுந்து கிடக்குற கரண்ட் கம்பி, குழந்தை குட்டையில விழுந்தது, இதெல்லாம்தான் வருஷா வருஷம் நடக்குறது. கடந்த அஞ்சு வருஷத்துல நடந்ததை ஒரு நோட்டுல எழுதுங்க: என்ன நடந்துச்சு, எத்தனை மணிக்கு, போன் எப்ப பண்ணாங்க, வண்டி எப்ப வந்துச்சு. இந்த நோட்டை பத்திரமா வைங்க, புரபோசல்ல, அதாவது கிராண்ட் கேட்டு எழுதுற விண்ணப்பத்துல, பாதி வேலையை இதுதான் பண்ணும்.

ஸ்டெப் 2: யார் இருக்காங்க, என்ன இருக்கு

ஓய்வு பெற்ற நர்ஸ், முன்னாள் ராணுவத்துக்காரர், ஜேசிபி ஓட்டுறவர், படகு வச்சிருக்கவர், ஜெனரேட்டர் இருக்குற வீடு, நல்லா நீச்சல் தெரிஞ்ச பசங்க, இவங்களை ஒரு லிஸ்ட் போடுங்க. இன்னொரு லிஸ்ட், யாரைத் தூக்கிட்டுப் போகணும்: படுத்த படுக்கையா இருக்கவங்க, ஆக்சிஜன் மெஷின்ல இருக்கவங்க, டயாலிசிஸ் போறவங்க, காது கேக்காதவங்க, நிறைமாசக் கர்ப்பிணி. ரெண்டாவது லிஸ்ட்டை அவங்க சம்மதம் இல்லாம போடாதீங்க, வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் தயவுசெஞ்சு போட்றாதீங்க, யார் வீட்ல யாருக்கு என்ன வியாதின்னு ஊர் பூரா தெரிஞ்சுடும். பேப்பர்ல, ரெண்டு நம்பிக்கையான ஆளுகிட்ட, போதும்.

ஸ்டெப் 3: குறிக்கோளை நம்பரா எழுதுங்க

"விழிப்புணர்வு ஏற்படுத்துதல்"னு எழுதினா அது நடந்துச்சா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கு பதிலா இப்படி: ஒவ்வொரு தெருவுலயும் குறைஞ்சது ரெண்டு பேர், மொத்தம் 30 பேர், சிபிஆரும் (இதயம் நின்னவருக்கு நெஞ்சை அமுக்கி, மூச்சு குடுக்கிற முதலுதவி) ரத்தப்போக்கை நிறுத்துறதும் கையால செஞ்சு காட்டணும், ஆறாவது மாசம் சொல்லாம கொள்ளாம வந்து டெஸ்ட் வச்சா அதுல 24 பேராவது சரியா பண்ணணும். அந்த ஆறாவது மாசம்ங்கிற வார்த்தையைத்தான் காசு குடுக்கிறவங்க நின்னு படிப்பாங்க.

ஸ்டெப் 4: கிராண்ட் எங்க இருக்கு, கண்டிஷன் என்ன

பேரிடர் மேலாண்மைத் துறை, சுகாதாரத் துறை, தீயணைப்புத் துறை, உள்ளாட்சி, கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதி, அறக்கட்டளைகள், செஞ்சிலுவை, கூட்டுறவு சங்கங்கள், வெளியூர்ல வெளிநாட்டுல இருக்குற ஊர்க்காரங்க சங்கம். இதெல்லாம் வழக்கமான கதவுகள். ஆனா சில நேரம் காசே தேவைப்படாது, பயிற்சியே இலவசமா வரும். அமெரிக்காவுல கிராமப்புறத்துக்குன்னே ஒரு பயிற்சிக் கூட்டமைப்பு இருக்கு, கென்டக்கி மாநிலத்துல இருக்குற ஒரு கிராமப்புற மேம்பாட்டு மையம் தலைமையில நடக்குது, மத்திய அரசு நிதி, கோர்ஸுக்கு ஃபீஸ் கிடையாது. அதே நாட்டுல லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை 1985-ல பொதுமக்களுக்குன்னு ஆரம்பிச்ச பயிற்சி 1993-லருந்து நாடு முழுக்கப் போச்சு, கிட்டத்தட்ட 20 மணி நேரப் பாடத்திட்டம் ரெடியாவே இருக்கு. அதனால முதல்ல நம்ம நாட்டுல, நம்ம மாவட்டத்துல ஏற்கனவே என்ன இலவசமா கிடைக்குதுன்னு விசாரிச்சுட்டு, மீதிக்கு மட்டும் காசு கேளுங்க.

அறிவிப்பைப் படிக்கும்போது மூணு இடத்துல விரலை வச்சுப் படிங்க. ஒண்ணு, யார் விண்ணப்பிக்கலாம், பதிவு பண்ண சங்கமா இருக்கணுமா, எத்தனை வருஷ ஆடிட் கேக்குறாங்க. பதிவு இல்லன்னா, பதிவு இருக்குற பள்ளியையோ கூட்டுறவு சங்கத்தையோ முன்னாடி நிக்கச் சொல்லலாம். ரெண்டு, நம்ம பங்குன்னு எவ்ளோ போடணும். சின்ன ஊர்களுக்கு இதுல சலுகை இருக்கலாம், உதாரணத்துக்கு அமெரிக்காவுல தீயணைப்பு வீரர்களுக்கான கிராண்ட்ல 20,000 பேரோ அதுக்கும் கம்மியோ இருக்குற ஊருக்குப் பங்கு 5 சதவீதம்தான், பெரிய ஊருக்கு 10, பத்து லட்சத்தைத் தாண்டினா 15. நிறைய இடத்துல வாலண்டியர் நேரத்தையும், ஓசியில கிடைக்குற ஹாலையும் பங்காக் கணக்கு காட்ட விடுவாங்க, அதைக் கேட்டுக்கோங்க.

மூணாவதுதான் சின்ன ஊர்களைக் கவுக்குறது. காசு முன்னாடி வருமா, இல்ல நம்ம செலவு பண்ணி பில் குடுத்த அப்புறம் வருமா? பின்னாடி வர்ற டைப்பா இருந்தா அந்த இடைப்பட்ட மாசங்களுக்கு யார் கையில இருந்து போடுறதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. ஜெயிச்ச கிராண்ட்டை முதல் போடக் காசில்லாம திருப்பிக் குடுக்குறதுங்கிறது ரொம்ப வலிக்கும்.

போர்ட்டல்ல பதிவு பண்றதுக்கே சில இடத்துல வாரக் கணக்கா ஆகும். கடைசி தேதிக்கு மொத நாள் லாகின் பண்ணிப் பார்க்கிற வேலையே வேணாம்.

ஸ்டெப் 5: புரபோசல்

பெரிய தமிழ், பெரிய இங்கிலீஷ் எதுவும் வேணாம். அந்த நோட்டை எடுங்க. "எங்க ஊர்லருந்து ஆஸ்பத்திரி இவ்ளோ தூரம், கடந்த அஞ்சு வருஷத்துல இத்தனை அவசர அழைப்பு, வண்டி வர சராசரியா இத்தனை நிமிஷம், அந்த நிமிஷங்கள்ல உதவத் தெரிஞ்சவங்க இன்னைக்கு இத்தனை பேர்." இந்த ஒரு பாராவை வேற எந்த ஊரும் எழுத முடியாது. அப்புறம் யாருக்கு, எத்தனை மணி நேரம், யார் சொல்லிக் குடுக்கிறது, எப்படி அளக்கிறது, காசு தீர்ந்த அப்புறம் யார் நடத்துறது. கடைசிக் கேள்விக்கு நேர்மையா பதில் எழுதுங்க, "ஊர்லயே நாலு பேரை டிரெய்னரா ஆக்குறோம், அவங்க மாசத்துக்கு ஒரு தடவை நடத்துவாங்க"ன்னு. ஆதரவுக் கடிதம் வாங்கும்போது சும்மா "வாழ்த்துகிறோம்"னு இல்லாம, ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம் ஆள் அனுப்பும், பள்ளி எந்த ஹாலைக் குடுக்கும்னு எழுதி வாங்குங்க.

ஸ்டெப் 6: பட்ஜெட்

பளபளன்னு பொருள் வாங்கணும்னு எல்லாருக்கும் ஆசை வரும், திறப்பு விழா வைக்க அதுதான் வசதி. ஆனா ஏஇடி மெஷின் (நின்ன இதயத்துக்கு கரண்ட் ஷாக் குடுக்கிறது) வாங்கினா அதோட பேடுக்கும் பேட்டரிக்கும் காலாவதி தேதி இருக்கு, மூணாவது வருஷம் அதை மாத்த யார்கிட்ட காசு இருக்கும்? அந்த வரி இல்லாத பட்ஜெட் பாதி பட்ஜெட்தான். பொம்மைகளுக்கு நல்லா ஒதுக்குங்க, என் கணக்குல நாலு பேருக்கு ஒரு பொம்மைக்குக் கீழ போனா அது டெமோதான், பயிற்சி இல்ல. டூர்னிகெட், அதாவது கை கால்ல ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுற பட்டை, பழகுறதுக்குத் தனியா வாங்கணும், பழகினதையே முதலுதவிக் கிட்டுக்குள்ள வைக்கக் கூடாது, ஏன்னா திரும்பத் திரும்ப முறுக்கினா அது தேயும்.

எல்லாரும் மறக்குற வரி ஒண்ணு இருக்கு: பயிற்சிக்கு வர்றவங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டு வர்றாங்க. அதுக்கு ஈடு, போக்குவரத்து, குழந்தைகளைப் பார்த்துக்க ஒரு ஆள், இதையெல்லாம் போடலைன்னா பயிற்சிக்கு வர்றது எப்பவும் வர்ற அதே பத்துப் பேரா இருக்கும். சில கிராண்ட் இதை அனுமதிக்காது, அப்போ சாயங்காலம் ரெண்டு ரெண்டு மணி நேரமா பிரிச்சு நடத்துங்க. அப்புறம் மூணாவது மாசம், ஆறாவது மாசம் ரிஃப்ரெஷருக்குன்னு, அதாவது மறக்காம இருக்க மறுபடி பழகுறதுக்குன்னு, தனி வரி. பணம் பத்தலைன்னா முதல் நாள் விழாவுல வெட்டுங்க, இதுல வெட்டாதீங்க.

ஸ்டெப் 7: ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கிறது

பொம்பளைங்க பாதிக்குப் பாதியாவது இருக்கணும். இது நல்லெண்ணத்துக்காகச் சொல்றது இல்ல. 1970 நவம்பர்ல வங்காள விரிகுடாப் புயல்ல குறைஞ்சது மூணு லட்சம் பேர் செத்த அப்புறம், வங்கதேசம் 1972-ல புயல் தயார்நிலைத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கிராமத்து வாலண்டியர்களுக்குப் பயிற்சி, ரேடியோ, மெகாஃபோன், கொடி. அப்படியும் 1991 புயல்ல ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல போனாங்க, அதுல பொம்பளைங்கதான் ரொம்ப அதிகம். எச்சரிக்கை ஆம்பளைங்க கூடுற இடத்துக்குப் போச்சு, வீட்டுக்குள்ள சரியா போகல, போனாலும் கூட்டமா ஆம்பளைங்க இருக்குற ஷெல்டருக்குப் போகத் தயங்கினாங்க. இப்ப அங்க சுமார் 76,000 வாலண்டியர்ல பாதிப் பேர் பெண்கள். ஷெல்டரும் எச்சரிக்கையும் வாலண்டியரும் சேர்ந்ததுல, 2007 சித்ர் புயல் அவ்ளோ பலமா அடிச்சும் சாவு நாலாயிரத்துக்குள்ள நின்னுச்சு.

பள்ளிப் பிள்ளைகளை விட்டுடாதீங்க. 12 வயசுலருந்து வருஷத்துக்கு ரெண்டு மணி நேரம் சிபிஆர் சொல்லிக் குடுக்கலாம்ங்கிற திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-லயே ஆதரவு குடுத்திருக்கு. பகல்ல பெரியவங்க காட்டுல, வேலையில இருக்கும்போது வீட்ல இருக்குறது யாருன்னு யோசிங்க.

ஸ்டெப் 8: என்ன சொல்லிக் குடுக்கணும்

குறைவா எடுத்துக்கோங்க, ஆழமா பண்ணுங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்கல்ல, இங்க அது அப்பட்டமா பொருந்தும், ஸ்லைடுக்கு கால் பங்கு நேரம், மீதி முக்கால் பங்கு தரையில முட்டி போட்டு.

சிபிஆர்: பெரியவங்களுக்கு நெஞ்சு நடுவுல 5லருந்து 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வரணும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறணும். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணி, போனை ஸ்பீக்கர்ல போட்டு கீழ வச்சுட்டு அமுக்க ஆரம்பிக்கணும். வாய் வைக்கத் தயக்கமா இருந்தா வெறும் கையால அமுக்கினாலும் போதும்னு சொல்லிக் குடுங்க, ஆனா தண்ணியில மூழ்கினவங்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு குடுக்கிறது முக்கியம், ஏன்னா அங்க பிரச்சனையே ஆக்சிஜன் தீர்ந்து போனதுதான். குளம் குட்டை இருக்குற ஊர்னா 30 அமுக்கு, 2 மூச்சுங்கிறதை விடாம பழக்குங்க.

ரத்தப்போக்கு: சுத்தமான துணியால நேரா அழுத்தம், எட்டி எட்டிப் பார்க்காம தொடர்ந்து அழுத்தணும். கை கால்ல நிக்கவே இல்லன்னா டூர்னிகெட், காயத்துக்கு 5லருந்து 7 செ.மீ. மேல, மூட்டு மேல கட்டக் கூடாது, ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும், கட்டின நேரத்தை எழுதணும், ஆஸ்பத்திரி வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. நல்லா வலிக்கும்னு முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா அவர் கத்தினதும் இவங்க அவிழ்த்துடுவாங்க.

பாம்புக்கடி இதுக்கு நேர் எதிர். கட்டவே கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாம, கடிச்ச கையையோ காலையோ உடைஞ்ச எலும்பைக் கட்டுற மாதிரி சிம்பு வச்சு அசையாம பண்ணி, மோதிரம் வளையல் கழட்டிட்டு, விஷமுறிவு மருந்து இருக்குற ஆஸ்பத்திரிக்கு நேரா போகணும். எந்த ஆஸ்பத்திரியில அது இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கிறதுதான் பாதிப் பயிற்சி. வருஷத்துக்கு உலகத்துல 81,000லருந்து 1,38,000 பேர் வரைக்கும் பாம்புக்கடியில சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, பெரும்பாலும் கிராமத்து ஆளுங்கதான். டூர்னிகெட்டையும் பாம்புக்கடியையும் ஒரே நாள்ல சொல்லிக் குடுக்காதீங்க, குழப்பிக்குவாங்க.

அப்புறம் "செய்யக் கூடாதது" பாடம். கிணத்துலயோ தொட்டியிலயோ ஒருத்தர் மயங்கி விழுந்தா இன்னொருத்தர் உடனே இறங்கிடுவார், அவரும் விழுவார், மூணாவது ஆள் இறங்குவார். அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல ஒரு எச்சரிக்கை விட்டாங்க, மூடின இடங்கள்ல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்கன்னு. இதை மனசுல நிக்க வைக்க சொல்லிப் பிரயோஜனம் இல்ல, நடிச்சுக் காட்டணும். ஒருத்தரைக் "கிணத்துக்குள்ள" படுக்க வச்சுக் கத்தச் சொல்லுங்க, மத்தவங்க மேலயே நின்னு தீயணைப்புக்கு போன் பண்ணிட்டு, இறங்க வர்றவரைப் பிடிச்சு நிறுத்தப் பழகணும். வெள்ளத்துக்கும் இதே மாதிரி: ஓடுற தண்ணி 15 செ.மீ. இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிடும், 30 செ.மீ. சின்னக் காரை இழுக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டியை அடிச்சுட்டுப் போயிடும்.

தீக்காயத்துக்கு 20 நிமிஷம் ஓடுற குளிர்ந்த தண்ணி, ஐஸ் வேணாம், பேஸ்ட் வேணாம். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளிய, ஜன்னல்லருந்து 6 மீட்டராவது தள்ளி. குடிதண்ணி கொதிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு நிமிஷம், 2,000 மீட்டருக்கு மேல இருக்குற மலை ஊர்னா மூணு நிமிஷம்.

கடைசியா, யார் சொல்றதை யார் கேக்குறது. 1970-ல கலிபோர்னியா காட்டுத்தீயில பல துறை ஆளுங்க ஒரே இடத்துல ஆளுக்கு ஒரு உத்தரவு போட்டு குழம்பினதுலருந்து பிறந்த ஒரு முறை இருக்கு, அதோட அடிப்படை ரொம்ப சிம்பிள்: சம்பவ இடத்துல ஒரே ஒரு பொறுப்பாளர், ஒருத்தர் கீழ மூணுலருந்து ஏழு பேர், அஞ்சுன்னா ரொம்ப நல்லது. ஊர்ல பெரிய மனுஷன் யாருங்கிறது இங்க செல்லாது, யாருக்குப் பயிற்சி இருக்கோ அவங்கதான். இதை முன்னாடியே பேசித் தீர்த்துக்கோங்க, சம்பவ இடத்துல பேசினா சண்டைதான் வரும்.

ஸ்டெப் 9: ஒத்திகை

முதல்ல மேஜையைச் சுத்தி உக்காந்து பேச்சளவுல, "ராத்திரி ரெண்டு மணி, கரை உடைஞ்சிருச்சு, முதல் போன் யாருக்கு?" அப்புறம் ஒரு தெரு அளவுல, அப்புறம்தான் ஊர் அளவுல. நடுவுல நீங்க வில்லத்தனம் பண்ணணும்: டவர் போச்சு, கிட்டு சாவி வச்சிருக்கவர் வெளியூர் போயிட்டார், பாலம் மூழ்கிடுச்சு. எல்லாம் சுமூகமா முடிஞ்ச ஒத்திகைன்னா அது நாடகம். முடிஞ்ச உடனே, வீட்டுக்குப் போக விடாம, அஞ்சு கேள்வி: என்ன நடக்கணும்னு நினைச்சோம், என்ன நடந்துச்சு, ஏன், அடுத்த தடவை எதை மாத்துறோம், யார் மாத்துறது. ஆளைத் திட்டக் கூடாது, இல்லன்னா அடுத்த தடவை தப்பை மறைப்பாங்க.

ஸ்டெப் 10: மூணாவது மாசம், ஆறாவது மாசம்

சிபிஆர் கைப்பழக்கம் மூணுலருந்து ஆறு மாசத்துக்குள்ளயே தேய ஆரம்பிச்சுடும், இது பல ஆய்வுல பார்த்ததுதான். வருஷத்துக்கு ஒரு நாள் முழுசா நடத்துறதை விட அடிக்கடி கொஞ்ச நேரம் பழகுறது நல்லா நிக்கும். அதனால தனியா கூட்டம் போடாதீங்க, ஏற்கனவே கூடுற கூட்டம் எதுவா இருந்தாலும், சுய உதவிக் குழுவோ, பால் சொசைட்டியோ, இளைஞர் மன்றமோ, பொம்மையை எடுத்துட்டுப் போய் பத்து நிமிஷம் ஆளுக்கு ரெண்டு நிமிஷம் அமுக்கச் சொல்லுங்க. அதே நாள்ல கிட்டைத் திறந்து காலாவதி தேதி, டார்ச் பேட்டரி, போன் லிஸ்ட் பாருங்க, ஆளுங்க நம்பர் மாத்திகிட்டே இருப்பாங்க.

ஸ்டெப் 11: கணக்கும் ரிப்போர்ட்டும்

தனி பேங்க் அக்கவுண்ட், ஒவ்வொரு ரசீதும் வாங்குன அன்னைக்கே போட்டோ, வருகைப் பதிவுல கையெழுத்து. ஒரு தலைப்புக் காசை இன்னொரு தலைப்புக்கு மாத்தணும்னா முதல்ல எழுதிக் கேட்டு பதில் வந்த அப்புறம் மாத்துங்க, நல்ல காரியத்துக்குத்தானேன்னு மாத்திட்டு பின்னாடி ஆடிட்ல மாட்டினவங்க நிறைய.

ரிப்போர்ட்ல பயிற்சிக்கு முன்னாடி டெஸ்ட், முடிஞ்ச அன்னைக்கு டெஸ்ட், ஆறாவது மாச டெஸ்ட், மூணு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மூணாவது நம்பர் ரெண்டாவதை விடக் கம்மியாத்தான் இருக்கும், மறைக்காதீங்க. எந்தத் தெருவுல குறைஞ்சுச்சு, ஏன் குறைஞ்சுச்சுன்னு எழுதுங்க, அடுத்த வருஷ விண்ணப்பத்தோட முதல் பாராவை அங்கருந்துதான் எடுக்கப் போறீங்க.